முசிறியிலிருந்து மீண்ட கப்பலும் காற்பங்குச் சுங்கமும்

பண்டைத் தமிழகத்தின் கடல் வாணிகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் நமது துறைமுகங்களில் நின்றுகொண்டே கடலை நோக்குவர். யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்தது, மிளகோடு மீண்டது என்ற அளவில் அவர்தம் வரலாறு நின்றுவிடுகின்றது. மீண்ட கலம் எங்கே சென்றது? தன் நாட்டுக் கரையை அடைந்த வணிகன் நேரே தன் வீட்டுக்குச் சென்றானா? அவன் கொணர்ந்த பொருளை முதலில் எண்ணியவர் யாவர்? இவ்வினாக்கள் நமது பாடநூல்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

கடல் கடந்து சென்று தாய்நாடு திரும்பும் எவரும் முதலிற் சந்திப்பது உறவினரை அன்று; சுங்க அதிகாரியையே. கப்பலிலும் விமானத்திலும் நாடு திரும்பும் இன்றைய பயணி வரிக்குரிய பொருளைக் கொணர்ந்திருப்பின், அதனை அறிவித்து, வரியிறுத்து வெளியேறுகின்றான். இம்முறை அண்மைக்கால அரசுகளின் கண்டுபிடிப்பு அன்று. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் முசிறியிலிருந்து எகிப்து நாட்டுக்கு மீண்ட ஒரு கப்பலின் சுங்கக் கணக்கு இன்றும் நம்மிடையே உள்ளது. அக்கணக்கை முன்வைத்து, பண்டைய வாணிகத்தை அதன் மறுகரையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முசிறி ஏடு

ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலுள்ள தேசிய நூலகம் 1980ஆம் ஆண்டு பப்பிரசு ஏடொன்றை விலைக்குப் பெற்றது. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற அவ்வேட்டை ஹராவர், சைப்பெஸ்தெய்ன் என்னும் அறிஞர் இருவர் 1985இல் பதிப்பித்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த இவ்வேடு 'முசிறி ஏடு' என இன்று வழங்கப்படுகின்றது. முசிறி தொடர்பான கடனுடன்படிக்கையை அது குறிப்பிடுதலே இப்பெயருக்குக் காரணம்.

ஏட்டின் முன்பக்கத்திலே கடன் பெற்ற வணிகன் ஒருவன் தனக்குப் பணம் தந்தவனுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழிகளின் ஒரு பகுதி உள்ளது. பின்பக்கத்திலே வேறொருவரின் கையெழுத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் நிறையும் மதிப்பும் கணக்கிடப்பட்டுள்ளன. இரு பக்கமும் முழுமையாக எஞ்சவில்லை. எனினும் எஞ்சியுள்ள வரிகள் நமது சங்கப் பாடல்கள் சொல்லாது விட்ட ஒரு பகுதியை நிரப்புவன. அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பேரியாற்றின் நுரை கலங்க வந்து மீளும் யவனர் கலத்தைக் காட்டுகின்றார். புறநானூற்றின் 343ஆம் பாடலிலே கலங்கள் தந்த பொன்னைத் தோணிகள் கரைசேர்ப்பதைப் பரணர் பாடுகின்றார். புலவர் விட்ட இடத்தில் கணக்கன் தொடங்குகின்றான் எனலாம்.

மீட்சிப் பயணம்

பருவக்காற்றே இவ்வாணிகத்தின் கால அட்டவணையை வகுத்தது. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த பிளினி இவ்வழியை விரிவாகக் குறிப்பிட்டுள்ளார். கோடைகாலத்தின் நடுவிலே எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து புறப்படும் கப்பல், அரேபியாவின் தென்முனையிலுள்ள ஒசெலிஸ் துறையை ஏறத்தாழ முப்பது நாளில் அடையும். அங்கிருந்து நாற்பது நாளில் முசிறியை அடையலாம். மீளும் கப்பல் டிசம்பர் மாதத்திலோ, பிந்தினும் சனவரி மாதத்தின் நடுப்பகுதிக்கு முன்னரோ நமது கரையைவிட்டு நீங்குதல் வேண்டும். முசிறியின் அருகே கடற்கொள்ளையர் இருந்தனர் என்றும், கப்பல் கரையிலிருந்து தொலைவில் நிற்பதால் சரக்கைச் சிறு தோணிகளில் ஏற்றியிறக்க வேண்டியிருந்தது என்றும் அவரே கூறுவர். தோணிகள் பற்றிய இச்செய்தி பரணர் வாக்கோடு பொருந்துவது நோக்கத்தக்கது.

கடற்பயணம் செங்கடல் துறையில் முடிந்தது. ஆனால் வணிகனின் பயணம் அங்கு முடியவில்லை. அத்துறைகளுக்கும் நைல் நதிக்கும் இடையே பெரும் பாலைநிலம் கிடந்தது. பெரெனிகே துறையிலிருந்து நைல் நதிக்கரையிலுள்ள கொப்தோஸ் நகருக்குச் செல்லப் பன்னிரண்டு நாளாகும் என்பது பிளினியின் கணக்கு. பகலின் வெம்மைக்கு அஞ்சி, ஒட்டகங்களில் சரக்கையேற்றி, பெரும்பாலும் இரவிலேயே அவ்வழியைக் கடந்தனர்.

இவ்வழியிலே சரக்கு எவ்வாறு செல்லவேண்டும் என்பதையே முசிறி ஏட்டின் முன்பக்கம் வரையறுக்கின்றது. சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்துக் காவலோடு கொப்தோசுக்கு அனுப்புதல் வேண்டும். அங்கு அரசின் சுங்கப் பண்டசாலையில் அது வைக்கப்படும். நதிப்படகில் ஏற்றும்வரை கடன் தந்தவனின் அல்லது அவன் முகவரின் பொறுப்பிலும் முத்திரையிலும் அது இருத்தல் வேண்டும். பின்னர் நைல் வழியாக அலெக்சாந்திரியா நகரை அடைந்து, அங்கே காற்பங்கு வரி அறவிடும் பண்டசாலையில் அதே முறையில் வைக்கப்படுதல் வேண்டும். கடனைக் குறித்த தவணையில் தீர்க்காவிடின், கடன் தந்தவனே அரசுக்குரிய காற்பங்கைச் செலுத்தி, எஞ்சிய முக்காற்பங்கைத் தன் விருப்பப்படி கையாளலாம்.

ஈண்டு ஓர் உண்மை புலப்படுகின்றது. மாதக்கணக்கில் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்தவன் தன் நாட்டு மண்ணை மிதித்த பின்னரும் தன் சரக்கைத் தன் சரக்கு என்று கூறித் தொடுதற்கில்லை. அதன்மேல் ஒருபுறம் கடன் தந்தவனின் முத்திரை. மறுபுறம் அரசின் பண்டசாலைக் கதவு. இவ்விரண்டும் நீங்கிய பின் எஞ்சுவதே அவனுக்குரியது. பொன்னை வாரியிறைத்த செல்வனாக நம் நூல்கள் சித்திரிக்கும் யவன வணிகன், தன் நாட்டிலே கடனாளியாகவும் இருந்திருக்கின்றான்.

காற்பங்கின் அளவு

வரியின் அளவு நூற்றுக்கு இருபத்தைந்து. உரோமப் பேரரசின் உள்மாகாணங்களுக்கிடையே பொருள்கள் சென்றபோது அறவிடப்பட்ட சுங்கம் பொதுவாக இதனினும் மிகக் குறைந்தது. ஆசிய மாகாணத்தில் அது நாற்பதில் ஒரு பங்காகும். பேரரசின் கிழக்கெல்லையைத் தாண்டி வந்த பொருளுக்கே காற்பங்கு விதிக்கப்பட்டது. அரேபியக் கரையிலுள்ள வெண்ணூராகிய லெயூக்கே கோமேயிலும் காற்பங்கு அறவிடும் அதிகாரி ஒருவன் படைத்தலைவனொருவனோடு இருந்தான் எனப் பெரிப்புளூசு என்னும் கடற்பயண நூல் சொல்கின்றது. அலெக்சாந்திரியாவிலே வரும்போதும் போகும்போதும் இருமுறை வரி பெறப்பட்டது என்றும், விலையுயர்ந்த பொருள்களுக்கு வரியும் உயர்ந்தது என்றும் ஸ்திராபோ எழுதியுள்ளார். மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாகக் குறிப்பிடுபவரும் அவரே.

ஹெர்மபொல்லோன் கப்பலின் கணக்கை நோக்குவோம். கங்கைப் பகுதியிலிருந்து வந்த சடாமாஞ்சி என்னும் நறுமண வேர் 60 பெட்டிகள். ஒரு பெட்டி 4,500 திராக்மா. யானைத் தந்தமும் தந்தத் துண்டுகளும் நிறையிட்டுத் தனித்தனியே மதிப்பிடப்பட்டுள்ளன. எஞ்சிய பகுதியில் மிளகின் பெயர் காணப்படவில்லை. எனினும் ஏட்டின் அழிந்த பகுதியில் மிளகே பெரும் இடம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. காற்பங்கு நீக்கப்பெற்ற பின் எஞ்சிய முக்காற்பங்குச் சரக்கின் மொத்த மதிப்பு 1,154 தலெந்து 2,852 திராக்மா எனக் கூட்டுத்தொகை தரப்பட்டுள்ளது. ஒரு தலெந்து 6,000 திராக்மா ஆதலின், இது ஏறத்தாழ 69 இலட்சம் திராக்மாவாகும்.

முக்காற்பங்கு இதுவாயின், முழுச் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 92 இலட்சம். அரசு பெற்ற காற்பங்கு ஏறத்தாழ 23 இலட்சம் திராக்மா. இத்தொகையின் பெருமையை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு உதவும். அக்காலத்து உரோமப் படைவீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியசு. எகிப்திய நாணயமான நான்கு திராக்மா ஒரு தெனாரியசுக்கு நிகராகக் கொள்ளப்பட்டது. எனவே ஒரு வீரனின் சம்பளம் ஆண்டுக்கு 1,200 திராக்மா. முசிறியிலிருந்து மீண்ட ஒரே ஒரு கப்பலின் சுங்கம் ஏறத்தாழ 1,900 படைவீரரின் ஓராண்டுச் சம்பளத்துக்குப் போதுமானது.

இந்தியா உரோமிடமிருந்து ஆண்டுதோறும் 5 கோடி செசுத்தர்சியைக் கவர்ந்துகொள்கிறது என்ற பிளினியின் முறைப்பாட்டை நம் வரலாற்றாசிரியர்கள் பெருமிதத்தோடு எடுத்தாள்வர். கிழக்கின் பொருளால் உரோமப் பேரரசு வறுமையுற்றது என்ற எண்ணமும் இதன்வழியே பரவியது. முசிறி ஏட்டோடு இணைத்து நோக்கும்போது இக்கூற்று முழு உண்மையாகாது. பொன் வெளியே சென்றது உண்மையே. ஆயின் மீண்டு வந்த சரக்கின் காற்பங்கு அரசின் கருவூலத்துக்குச் சென்றது. செல்வர் உண்ட மிளகின் விலையிலே படைகளுக்குரிய சம்பளமும் மறைந்திருந்தது. வணிகத்தால் பேரரசு இழந்தது எனப் புலம்பிய நூலோன் ஒருபுறமிருக்க, அவ்வணிகத்தால் வாழ்ந்த சுங்கப் பண்டசாலை மறுபுறம் இருந்தது.

பயணியும் அவன் மூட்டையும்

சரக்கைப் போலவே மனிதரும் அளக்கப்பட்டனர். கொப்தோஸ் நகருக்கு அருகே கிடைத்த கி.பி. 90ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, பாலைவழியைப் பயன்படுத்துவோரிடம் குத்தகைக்காரர் பெறவேண்டிய கட்டணங்களைப் பட்டியலிடுகின்றது. மாலுமிக்கு 5 திராக்மா, படைவீரரின் மனைவிக்கு 20, கணிகையருக்கு 108. ஒட்டகத்துக்குரிய அனுமதிச் சீட்டுக்கு ஓர் ஒபோல். அச்சீட்டில் முத்திரையிடுவதற்கு இரண்டு ஒபோல். கப்பலின் பாய்மரத்துக்கு 20 திராக்மா. பிணத்தை எடுத்துச் செல்லும் இறுதி ஊர்வலத்துக்குங்கூட 1 திராக்மா 4 ஒபோல் விதிக்கப்பட்டிருந்தது. குத்தகைக்காரர் மிகையாக அறவிடுதலைத் தடுக்கும் பொருட்டே இப்பட்டியல் கல்லில் வெட்டப்பட்டது என்க.

பயணி தன் சொந்தத் தேவைக்குக் கொண்டுசெல்லும் பொருள்களுக்கு விலக்களிக்கும் வழக்கமும் அன்றே இருந்தது. எபேசு நகரில் 1976இல் கண்டெடுக்கப்பட்டதும் கி.பி. 62இல் நீரோ மன்னன் காலத்தே பொறிக்கப்பட்டதுமான ஆசிய மாகாணச் சுங்கச் சட்டத்தில் இத்தகைய விலக்குகள் இடம்பெறுகின்றன. கொணர்ந்த பொருளை அறிவியாது மறைத்தால் அது பறிமுதலாகும் என்பதும் உரோமச் சட்டத்தின் பொதுவிதி. விற்பனைக்குரியது எது, சொந்தப் பாவனைக்குரியது எது, அறிவித்தது எது, மறைத்தது எது என்று இன்றைய சுங்கச் சாவடியிலே கேட்கப்படும் கேள்விகள் யாவும் அன்றே வகுக்கப்பட்டுவிட்டன.

இச்சோதனை எவருக்கும் இனித்ததில்லை. வெளிப்படையாகக் கொண்டுவரும் பொருளை எடுத்துப் பார்க்கும் சுங்கத்தாரை நாம் வெறுப்பதில்லை. மறைந்திருப்பதைத் தேடிப் பிறர் மூட்டைகளைக் கிளறும்போதே வெறுக்கின்றோம் என்று கிரேக்க அறிஞர் புளூட்டாக் குறிப்பிட்டார். சட்டம் அவர்களுக்கு அவ்வுரிமையை வழங்கியுள்ளது என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். அரசின் உரிமைக்கும் தனிமனிதன் நாணத்துக்கும் இடையேயுள்ள இம்முரண்பாடு சுங்கம் உள்ளவரை இருப்பதாகும்.

ஈழத்தின் தொடர்பு

இவ்வரலாற்றிலே ஈழத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. ஈழத்துக்கும் உரோமுக்கும் இடையே ஏற்பட்ட முதல் தூதுறவு ஒரு சுங்கக் குத்தகைக்காரரின் ஆளால் விளைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செங்கடற் சுங்கத்தை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த அன்னியுஸ் புளொகாமுஸ் என்பாரின் விடுதலை பெற்ற அடிமையொருவன், அரேபியாவைச் சுற்றிச் செல்கையிற் காற்றால் அலைக்கப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்பிரபேன் எனப்பட்ட நமது தீவின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான் எனப் பிளினி கூறுகின்றார். அவன் ஆறு மாதம் அரசனின் விருந்தினனாக இருந்தான். அவனிடமிருந்த தெனாரியசு நாணயங்கள் வெவ்வேறு மன்னரின் உருவம் பொறித்தவையாயினும் ஒரே நிறையுடையனவாக இருத்தலைக் கண்டு வியந்த அரசன், இராக்கியாஸ் என்பானின் தலைமையில் நால்வரைத் தூதனுப்பினான். இது கிளாடியஸ் மன்னன் காலத்து நிகழ்ச்சி. புளொகாமுசின் அடிமையான லீசாஸ் என்பான் கி.பி. 6ஆம் ஆண்டில் தன் பெயரைப் பொறித்த கல்வெட்டுக்கள் கொப்தோஸ், பெரெனிகே பாலைவழியிலே கிடைத்துள்ளன. எனவே பிளினி சொல்லும் குடும்பம் கற்பனை அன்று.

நமது தீவிலும் அரசு சுங்கம் பெற்றது. வளவை ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகேயுள்ள கொடவாயவில், இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவின் கல்வெட்டொன்று உள்ளது. கொடபவத துறைமுகத்தின் பெருஞ்சுங்கத்தையும் சிறுசுங்கத்தையும் அங்குள்ள விகாரைக்கு அவன் வழங்கியதை அது பதிவுசெய்கின்றது. முசிறி ஏடும் இக்கல்வெட்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன. அலெக்சாந்திரியாவின் சுங்கம் படையைப் பேண உதவியபோது, கொடவாயவின் சுங்கம் துறவியரைப் பேண உதவியது. ஈழத்திலிருந்து தந்தமும் ஆமையோடும் இந்தியச் சந்தைகளுக்கு மிகுதியாகச் சென்றன என ஸ்திராபோ கூறுவதால், முசிறியிலே கப்பலேறிய தந்தங்களுட் சில நமது காடுகளிலிருந்து சென்றனவாகவும் இருக்கலாம்.

காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கச் சாவடியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் நேரிற் கண்டார்போற் காட்டுகின்றார். சூரியனின் தேர்க்குதிரைகளைப் போல ஓய்வின்றி உழைக்கும் சுங்க அலுவலர், கடலிலிருந்து வந்த பொருளுக்கும் நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் பொருளுக்கும் புலிப்பொறி இட்டு வெளியே குவிக்கின்றனர். அங்குவந்த பொருள்களுள் ஈழத்து உணவுப்பொருளும் ஒன்று. திருக்குறளும் அரசனுக்குரிய பொருள்களுள் உல்கை எண்ணுகின்றது. கலத்தாலும் காலாலும் வரும் பண்டங்களுக்குரிய இறை எனப் பரிமேலழகர் அதற்கு உரை வகுப்பர். முத்திரையிடும் முறை அலெக்சாந்திரியாவுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

மீளாத கப்பலையும் மறத்தலாகாது. உரோமர் காலக் கடல்வழிக் கடனிலே கப்பல் மூழ்கினால் இழப்பு கடன் தந்தவனுக்குரியது. பல நூற்றாண்டுகள் கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, உடைந்த மரக்கலங்களைப் பற்றி விதி வகுக்கின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்த அக்கல்வெட்டின்படி, யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. வேறு சரக்குக் கலமாயின் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோருக்கு அரசன் சலுகை காட்டுகின்றான். எனினும் உடைந்த கலத்திலும் அரசின் பங்கு உண்டு.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் இருவகைச் சான்றுகளின் வேறுபாடு தெளிவாகும். நம் பக்கத்துச் சான்றுகள் பெரும்பாலும் பாடல்களும் கொடைக் கல்வெட்டுக்களுமாம். அவை அரசனின் புகழையும் துறையின் வளத்தையும் கூறுவன. மறுகரைச் சான்று கணக்கேடு. அது எவரையும் புகழவில்லை; ஆகவே மறைக்கவுமில்லை. நமது சுங்க அலுவலரும் எழுதியிருத்தல் வேண்டும். ஆனால் ஓலை நம் நாட்டு ஈரத்தில் மக்கிப்போகும். எகிப்தின் வறண்ட மணலோ பப்பிரசைக் காத்தது. ஆதலின் எஞ்சிய சான்றின் அளவை மட்டும் கொண்டு இரு சமூகங்களின் தரத்தை ஒப்பிடுதல் முறையன்று. பாடலில் உள்ள பெருமிதத்தைக் கொண்டு கணக்கின் இடத்தை நிரப்புதலும் முறையன்று.

இன்னொன்றும் உண்டு. செங்கடல் துறைகளில் நடந்த அகழ்வாய்வுகளிலே தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. குசைர் அல்-கதிமில் கணன், சாதன் என்னும் பெயர்களும், 'பானை ஒறி' என்ற தொடரும் தமிழ்ப் பிராமி எழுத்திலே காணப்படுகின்றன. பெரெனிகேயிலே கோயிலொன்றின் முற்றத்தில், இந்தியாவிலே வனையப்பட்ட பெருஞ்சாடியொன்றினுள் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு அப்படியே இருந்தது. ஆகவே அக்கரைக்குச் சென்றவை பொருள்கள் மட்டுமல்ல. தமிழ் மக்களும் சென்றுள்ளனர். முசிறி ஏடு யவனனின் சரக்கை இறுதித் திராக்மா வரை சொல்கின்றது. கணனும் சாதனும் என்ன கொண்டுசென்றனர், என்ன கொண்டு வீடு திரும்பினர் என்பதைச் சொல்ல நம்மிடம் ஒரு பானையோடே உள்ளது. மிளகைப் பறித்தவன், மூட்டை சுமந்தவன், கப்பலுக்குத் தோணி தள்ளியவன் ஆகியோருக்கு அதுவும் இல்லை.

92 இலட்சம் திராக்மாவில் அரசின் பங்கையும் எஞ்சிய முக்காற்பங்கையும் ஏட்டின்வழி அறிகின்றோம். மிளகுக்கொடி படர்ந்த மலைச்சாரலுக்கு அதில் எவ்வளவு திரும்பிவந்தது என்பதே தமிழர் வாணிக வரலாற்றின் மையக் கேள்வி. யவனர் பொன் தந்தனர் என்று கூறி மகிழ்வதோடு அமையாது, அப்பொன் யார் கையில் தங்கியது என்று கேட்கும் வரலாற்று நோக்கே இன்றைய மாணவர்க்கு வேண்டுவது. அக்கேள்வியைத் தொடங்குவதற்குச் சுங்கச் சாவடியின் வாசலைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.